பூசு, காயவிடு, உரித்தெடு



பள்ளி நாட்களில் உள்ளங்கையில் ஃபெவிகால் தடவி, காய்ந்ததும் உரித்து விளையாடியிருப்பீர்கள். உரித்த தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கைரேகையோடு கையிலிருந்த அழுக்கும் அதில் ஒட்டியிருக்கும்.

இதே வழியில் அணு உலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் கதிரியக்கத் தூசியை அகற்றுவதுண்டு.

தண்ணீர் விட்டுக் கழுவினால் போதாதா? போதாது. கழுவிய தண்ணீரிலும் கதிரியக்கம் சேர்ந்துவிடும். அது தரை விரிசலில் இறங்கும். சாக்கடையில் ஓடும். ஓரிடத்து ஆபத்து பல இடங்களுக்குப் பரவும்.

அதனால் பாலிமர் கூழைப் பூசுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது அது நுண்ணிய துளைகளுக்குள் இறங்குகிறது. தூசியைப் பற்றிக்கொள்கிறது. காயக் காய ஏடாகிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தூசியோடு உரிந்து வருகிறது.

அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணு உலையில் 1979-இல் விபத்து நடந்தது. அதன் துப்புரவுப் பணியில் இந்த முறை கைகொடுத்தது. 2011-இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் ஜப்பானுக்கும் இத்தகைய கூழ் அனுப்பப்பட்டது.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த முறையால் கதிரியக்கம் அழிவதில்லை. சுவரை விட்டு ஏட்டுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அந்த ஏட்டைப் பீப்பாயில் அடைத்துப் பத்திரப்படுத்தியே ஆக வேண்டும்.

வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிந்தினாலும் இதை நினைவில் வையுங்கள். கழுவி விடாதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, சிறு மணிகளை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து, மூடிய டப்பாவில் வையுங்கள். நச்சுப் பொருளைப் பரப்பக் கூடாது; பிடித்து அடைக்க வேண்டும்.