செப்புக் காசுக்குப் புளி ஆகாது

அமெரிக்காவில் பிள்ளை, பெண் உள்ள நம்மவர்கள் டப்பா நிறையச் சில்லறை கொண்டு வருகிறார்கள். பழைய பெரிய செப்பு சென்ட் அதில் தட்டுப்படாது. 1857-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். புழக்கத்துக்குச் சின்ன சென்ட் அடிப்பதும் 2025 நவம்பரோடு நின்றது.

பிலடெல்பியா நாணயச்சாலை 1793-ல் அடித்த முதல் சென்ட்டில், பின்பக்கம் பதினைந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி. மாநிலங்களின் ஒற்றுமைக்கு அடையாளமாம்! ஜனங்களோ, சுதந்திர தேசத்தின் காசில் விலங்கா என்று முகம் சுளித்தார்கள். 36,103 காசோடு சரி. அவற்றில் ஒன்று 2012-ல் 13 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று.

அப்போது எடை 208 கிரெயின், சுமார் பதிமூன்றரை கிராம். செம்பு விலை ஏறவே 1795 கடைசியில் 168 ஆக்கினார்கள். (சர்க்கார் எங்கும் சர்க்கார்தான், நானும் அதில் இருந்தவன்.)

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், மாப்பிள்ளை கொடுத்த 1802 சென்ட்டைப் பூஜைச் சொம்புபோல் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளத்தது; மதிப்பு போயிற்று. பழுப்பு நிறம் அழுக்கல்ல, உலோகத்தின்மேல் படிந்த ஆக்ஸைடு. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். காசு நிபுணர்கள் முதலில் பார்ப்பதே அந்த மேல்பரப்பைத்தான்.

பழைய சென்ட்டுகளுக்கு 70 வரை மதிப்பெண் போடும் முறையை 1949-ல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன், உளவியல் அறிஞர். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அவர் வைத்துவிட்ட விஷயம் அவர் காலத்துக்குப் பின் அம்பலமாயிற்று. கைமாறிப் போனவற்றைச் சங்கம் கோர்ட்டுக்குப் போய் மீட்க வேண்டியதாயிற்று.