வேலை கொடுத்தாலே போதுமா?



ஏழை நாடுகளில் வேலையின்மையைக் காட்டிலும் அற்பக்கூலி வேலை மேல். ஆகவே கசக்கிப் பிழியும் பட்டறைகளும் தொழிலாளிக்கு நன்மையே என்று முதலாளித்துவப் பொருளாதார அறிஞர்கள் வாதிடுகின்றனர். நாம் கூடியுள்ள இத்துறைமுகத்தின் வரலாறே அதற்கு விடை.

காயலைத் தூர்வாரிய மண்ணால் உருவான தீவு இது. ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ முறை நிலவியது. கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தினிடையே வீசி எறிவான். முட்டிமோதிப் பொறுக்கியவருக்கே அன்றைய வேலை. பசித்தவன் அவ்வில்லைக்காகச் சண்டையிட்டான்; உண்மை. அதனால் அம்முறை அவனுக்கு நன்மையாகிவிடுமா? பசியைச் சம்மதமாகக் கணக்கிடுவதே அவர்களது பொருளாதாரம்.

துறைமுகத் தொழிலாளர் வேலையை முறைப்படுத்தும் சட்டம் 1948இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் இங்கே வில்லைகள் வீசப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போராடிய தொழிலாளர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. தோழர்கள் சைதுவும் சைதலவியும் உயிர்நீத்தனர். சாப்பாவை ஒழித்தது சந்தையன்று, போராட்டமே.

வங்கதேசத்திலும் இதே பாடம்தான். 2013இல் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, பன்னாட்டு ஆடை நிறுவனங்கள் தொழிற்சங்கங்களுடன் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன.

ஆலைகளை மூடுமாறு நாம் கோரவில்லை. வேலையோடு உரிமையும் வேண்டும் என்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்தகால நியமனத்தைச் சட்டப்பூர்வமாக்கியுள்ளன. வில்லை வேறு வடிவில் திரும்புகிறது. அதைப் பொறுக்கக் குனியாமல், ஒன்றுபட்டு நிமிர்ந்து நிற்போம்!