மறதியா, மனச்சோர்வா?

(பங்கின் முதியோர் தினக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



முதியோர் இல்லத்தில் உண்ணாமல், பேசாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பாட்டியைப் பற்றிக் கேட்டால், "வயசாயிடுச்சு சாமி" என்பார்கள். இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு நோய்கள் ஒளிந்துகொள்கின்றன. மறதி நோய் பெரும்பாலும் முற்றிக்கொண்டே போகும். மனச்சோர்வோ மருந்தாலும் பேச்சுத் துணையாலும் குணமாகக்கூடியது. எதுவென்று சோதித்தறியாமல் விடுவது, பிழைக்கக்கூடியவரைக் கைவிடுவதாகும்.

1975இல் அமெரிக்காவில் வகுத்த மறதிச் சோதனையில் படிக்கவும் எழுதவும் சொல்கிறார்கள். பள்ளி வாசலை மிதியாத நம் பாட்டி அதில் தேறுவாரா? தேதி தெரியாவிட்டாலும் பௌர்ணமி என்றைக்கென்று அவருக்குத் தெரியும். இந்த ஊரில் கிரிவலக் கூட்டமே சொல்லிவிடுமே! கல்லாதவர்க்கும் பொருந்தும் சோதனையை '10/66' என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழு வகுத்தது. அப்போதைய கணக்குப்படி மறதி நோயாளரில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ 10 சதவீதம்கூட இருக்கவில்லை. பெயரின் பொருள் அதுவே. பக்கத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அதில் பங்கேற்றது.

மனச்சோர்வை அறிய, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் உள்ளன. இவை சந்தேகத்தை எழுப்பும்; நோயை முடிவுசெய்பவர் மருத்துவரே. காது மந்தமானவரும், தைராய்டு குறைந்தவரும் மறதிக்காரராகத் தோன்றலாம்.

பெற்றோரை இல்லத்தில் சேர்த்தவர்கள் நம் பங்கிலும் உண்டு. குறை சொல்ல நான் வரவில்லை. அந்த '10/66' சோதனையில் உறவினரையும் கேட்கிறார்கள். தாய் முன்பு எப்படி இருந்தாள், எப்போது மாறினாள் என்று இல்லத்தார் அறியார், மணியார்டர் சொல்லாது. நீங்கள் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.