இந்த ரோடு யாருடையது?

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் திருநின்றவூரை விட்டால் அடுத்த நிறுத்தம் வேப்பம்பட்டு. நேற்றுவரை ஏரியும் வயலுமாக இருந்த பக்கம். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு ‘நகர்’ என்று முடிகிற பெயர்ப்பலகைகள். காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடிக்கும் ரயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டம்.

இந்த ஊர் பத்திரிகையில் அடிபட்டதெல்லாம் பெரும்பாலும் ரயில்வே மேம்பாலத்தை வைத்துத்தான். வேலையைத் தொடங்கி, நிலம் எடுப்பதில் சிக்கலாகி, பத்து வருடத்துக்கு மேல் அரைகுறையாக நின்ற பாலம் அது. 2023 நவம்பரில், தண்டவாளத்தைக் கடந்த ஒரு தகப்பனாரும் அவருடைய இரண்டு பெண்களும் ரயில் மோதி இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பாலத்தைப் பற்றி ஊருக்கு வெளியே இருப்பவர்களும் பேசினார்கள்.

இந்தப் பாலங்களில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தண்டவாளத்துக்கு நேர் மேலே வருகிற பகுதியைக் கட்டுவது பொதுவாக ரயில்வே. இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிற சாலை மாநில நெடுஞ்சாலைத் துறை. அதற்கான நிலத்தை எடுத்துக் கொடுப்பது வருவாய்த் துறை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டால் அவர் பாவம், என்ன செய்வார்?

நம் தெருச் சமாச்சாரமும் இதேதான். பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையினுடையது. ஊரையும் ஊரையும் இணைக்கிற ரோடு பல இடங்களில் ஊராட்சி ஒன்றியத்தினுடையது. வீட்டு வாசல் ரோடு கிராம ஊராட்சியினுடையது. மனை பிரித்து விற்றவர் ரோட்டை முறையாக ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கவில்லை என்றால், அது யாருடையதும் இல்லை. குழி மட்டும் நம்முடையது.

ரோடு போடுகிறார்கள் என்று லாரி வந்து ஜல்லி கொட்டியதும் நமக்குச் சந்தோஷம். அங்கேதான் நான் கொஞ்சம் நிற்கச் சொல்வேன். பழைய தாரின் மேலேயே புதுத் தாரை ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் ஏறும். கட்டும்போது வாசலில் மூன்று படி இருந்த வீட்டுக்கு இப்போது ஒரு படி. அதுவும் போனால், ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வந்து கட்டில் காலைத் தொடும். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதற்காகவே உத்தரவு போட்டார்: பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த (மில்லிங்) பிறகே புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது. ஒப்பந்தக்காரரிடம் ‘மில்லிங் பண்ணீங்களா?’ என்று கேட்டாலே போதும், விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார். தார் காய்ந்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

பூங்கா இடம் இன்னொரு வேடிக்கை. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் பச்சையாக இருக்கும். நேரில் போனால் கருவேல முள்ளும் கட்டட இடிபாடும். உங்கள் மனைப் பத்திரத்தோடு இருக்கும் அந்த வரைபடத்தை ஒருநாள் பிரித்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. ஆகவே பள்ளி வாசலில் வேகத்தடை இல்லை, மதில் ஓரம் குப்பை குவிகிறது என்றால், தலைமையாசிரியர் ஒருவர் தலையில் போடாமல், குழு தீர்மானமாக எழுதி ஊராட்சிக்கு அனுப்பலாம். பிள்ளையைத் தினமும் கையைப் பிடித்துக் கூட்டி வருகிற அம்மாவுக்குத்தான் எந்த வளைவில் லாரி திரும்பும் என்பது தெரியும்.

எல்லாம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். டீக்கடையில் மடக்கிக் கேட்க வார்டு உறுப்பினர் இல்லாதபோது இந்தச் சபையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டிய ஊராட்சியில் 300 பேர் வந்தால்தான் சபை செல்லும். ஆள் சேராத ஊரில் தீர்மான நோட்டு மட்டும் வீடு வீடாக வரும், கையெழுத்துக்கு.

அந்த நோட்டு உங்கள் வீட்டுக்கு வந்தால், ரோட்டின் பெயர், தெரு, எத்தனை மீட்டர் நீளம் என்று உங்கள் கோரிக்கை அதில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கையெழுத்துக்கு மேலே பக்கம் காலியாக இருந்தால், தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.