விலகும் உரிமையும் இறப்பைக் கோரும் உரிமையும்

இந்த அறக்கட்டளையின் வைப்புத்தொகை வட்டியில் ஆண்டுதோறும் ஒருவரை அழைத்துப் பேசவைக்கும் குடும்பத்துக்கு நம் மெய்யியல் துறை கடன்பட்டிருக்கிறது. அறிமுகவுரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

பொருள் உங்களில் பலருக்குப் பழகியதுதான். கருக்கலைப்பை அறவியல் பாடத்தில் சேர்த்த நாளிலிருந்து எனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒருவர் நம் துறைக்காரர். கரு எந்த வாரத்தில் ஓர் ஆளாகிறது என்பதை முடிவுசெய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தீர்ந்துவிடும் என்பார். மற்றவர் சட்டத்துறை. தாயின் உரிமை ஒரு தட்டில், கருவின் உரிமை மறு தட்டில், நிறுத்துச் சொல்வதே நீதிபதியின் வேலை என்பார். இருவருமே தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் கட்சி. பாடத்திட்டக் குழுவில் ஒவ்வொரு முறையும் தேநீர் வந்துவிடும், பேச்சு நின்றுவிடும். இன்று ஒலிபெருக்கி என் பக்கம் இருக்கிறது. இருவரும் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்பதும் எனக்கு வசதி.

1. தாம்சன் கட்டுரையின் கடைசிப் பக்கம்

மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் கருக்கலைப்பை ஆதரித்து எழுதிய கட்டுரை 1971இல் வந்தது. நம் நாட்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டமும் அதே 1971தான். கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ தீர்ப்பு அதற்குப் பிறகு, 1973 ஜனவரியில். அந்தக் கட்டுரையின் கதை மாணவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் கண்விழிக்கிறீர்கள், புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவரின் இரத்த ஓட்டம் உங்கள் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அவருக்குச் சிறுநீரகம் பழுது. இசை ரசிகர்கள் உங்களைக் கடத்திவந்து இப்படிச் செய்திருக்கிறார்கள். ஒன்பது மாதம் பொறுத்துக்கொண்டால் அவர் பிழைப்பார். குழாயைக் கழற்றினால் இறப்பார். கழற்றலாமா?

ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாள் திருத்தும்போது ஒரு வரி தவறாமல் வரும்: ‘கருவுக்கு உயிர் இல்லை என்று தாம்சன் நிறுவுகிறார்.’ அவர் செய்தது நேர்மாறு. கரு கருவுற்ற கணத்திலிருந்தே ஓர் ஆள்தான், வாழும் உரிமை உள்ள ஆள்தான் என்று எதிர்த்தரப்புக்கு முழுதாக விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வாதத்தையே தொடங்குகிறார். வயலின் கலைஞர் ஆள்தானே? ஆனாலும் வாழும் உரிமை இருக்கிறது என்பதால் மட்டும் இன்னொருவர் உடலைப் பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது என்பது அவர் வாதம். எந்த வாரத்தில் ஆளாகிறது என்று தேடும் என் நண்பரின் கேள்வி இதோடு அடிபட்டுப் போகிறது. விடை எதுவானாலும் வழக்கு தீராது.

இந்தக் கடத்தல் கதை வல்லுறவால் உண்டான கர்ப்பத்துக்குத்தான் பொருந்தும், தானே இணங்கிய உறவுக்குப் பொருந்தாது என்று நண்பர் சொல்வார். பொருட்படுத்த வேண்டிய மறுப்புதான். தாம்சனும் அதை எதிர்கொள்கிறார். இன்று என் கவனம் வேறோர் இடத்தில். கட்டுரை முடிகிற கட்டத்தில், நம் வகுப்புகளில் யாரும் நடத்தாத ஒன்றை அவர் சொல்கிறார். குழாயைக் கழற்ற உங்களுக்கு உரிமை உண்டு. கழற்றிய பிறகும் ஏதோ அதிசயத்தால் அந்தக் கலைஞர் பிழைத்துக்கொண்டால், திரும்பிப் போய் அவர் கழுத்தை அறுக்க உங்களுக்கு உரிமை இல்லை. விலகுவது ஓர் உரிமை. மற்றவரின் இறப்பை உறுதி செய்துகொள்வது வேறொன்று. முன்னதை ஒப்புக்கொண்டவர் பின்னதையும் ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார்.

இது வகுப்பறை நுணுக்கம், நடைமுறைக்கு உதவாது என்று சட்டத்துறை நண்பர் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். 2023 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நடந்ததை அவருக்காகவே விரிவாகச் சொல்கிறேன்.

2. தில்லி, 2023 அக்டோபர்

மனுதாரர் 27 வயதுப் பெண். திருமணமானவர், இரண்டு குழந்தைகள், இளையது இன்னும் பால்குடி. பாலூட்டும் காலத்தில் மாதவிலக்கு வராமலிருப்பது இயல்பு. அதனால் மூன்றாவது கர்ப்பம் அவருக்கே தெரியவில்லை. தெரியவந்தபோது 24 வாரத்தைத் தொட்டிருந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். பணவசதியும் இல்லை, இன்னொரு பிள்ளையை வளர்க்கும் மனநிலையும் இல்லை என்பது அவர் மனு.

அக்டோபர் 9. நீதிபதிகள் ஹிமா கோலியும் பி.வி. நாகரத்னாவும் அனுமதி தந்தார்கள். அதற்கு முன்பே எய்ம்ஸ் மருத்துவ வாரியம் பரிசோதித்து, கரு இயல்பாக இருக்கிறது, பிழைக்கும் வாய்ப்பும் இருக்கிறது என்று அறிக்கை தந்திருந்தது. அறிக்கை கோப்பில் இருந்தது. அதன் பொருள் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் மறுநாள் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர், ஒரு மின்னஞ்சலில். இந்த நாட்டில் கருக்கலைப்பின் அறத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இத்தனை நேர்மையான ஆவணத்தை நான் படித்ததில்லை. எழுதியவர் மெய்யியல்காரர் இல்லை என்பதில் எனக்குச் சிறிது வெட்கமும் உண்டு. சாரம் இது. இந்த வாரத்தில் கரு உயிரோடு பிறக்கும், பிழைக்கவும் வாய்ப்பு அதிகம். ஆகவே அதன் இதயத்துடிப்பை முதலில் நிறுத்திவிட்டுத்தான் கலைக்க வேண்டுமா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். குறைபாடுள்ள கருவுக்கு அதைச் செய்வதுண்டு. இயல்பான கருவுக்குப் பொதுவாகச் செய்வதில்லை. நிறுத்தாமல் வெளியே எடுத்தால் அது கலைப்பு ஆகாது, குறைமாதப் பிரசவம். அந்தக் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் வைத்துப் பார்க்க வேண்டிவரும். உடலிலும் அறிவிலும் நிரந்தரக் குறை நேரும் வாய்ப்பு மிகுதி. அந்தக் குழந்தையை என்ன செய்வது என்பதற்கும் உத்தரவு வேண்டும்.

பாருங்கள், தாம்சன் கடைசிப் பக்கத்தில் பிரித்துவைத்த இரண்டும் ஓர் ஆஸ்பத்திரிப் பணியாளரின் கடிதத்தில் தனித்தனியாக நிற்கின்றன. பெண் கேட்டது கர்ப்பத்திலிருந்து விடுதலை. அதற்குள் எது அடங்கும், விலகல் மட்டுமா, இறப்பும் சேர்த்தா என்று மருத்துவர் கேட்கிறார்.

மத்திய அரசு உத்தரவைத் திரும்பப் பெறக் கோரியது. அக்டோபர் 11 அன்று அதே இரு நீதிபதிகளும் பிரிந்தார்கள். இதயத்துடிப்பை நிறுத்தச் சொல்ல என் நீதிமனச்சாட்சி இடந்தரவில்லை என்ற நிலையை எடுத்தார் கோலி. பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும், கரு தாயைச் சார்ந்தது, அதற்குத் தனி அடையாளம் இல்லை என்றார் நாகரத்னா. வழக்கு அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அடங்கிய அமர்வுக்குப் போனது. இன்னும் சில வாரங்கள் பொறுக்க முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொல்லும்படி அமர்வு வழக்கறிஞரிடம் சொன்னது. அந்தப் பெண் மறுத்தார். அக்டோபர் 16 அன்று, 26 வாரமும் ஐந்து நாளும் ஆகியிருந்தபோது, அனுமதி மறுக்கப்பட்டது. உரிய காலத்தில் எய்ம்ஸில் பிரசவம், செலவு அரசுடையது, தத்துக் கொடுப்பதா என்பது பெற்றோர் விருப்பம்.

சட்டத்துறை நண்பர் இதைத் தராசுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் நடத்துகிறாராம். தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தால் அங்கே யாரும் எதையும் நிறுக்கவில்லை என்பது தெரியும். சட்டத்தின் 24 வார வரம்பு கடந்துவிட்டதா? கடந்துவிட்டது. கருவில் கணிசமான குறைபாடு உண்டா? இல்லை. தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவையா? இல்லை. மூன்று கதவும் மூடியிருந்தன; வழக்கு முடிந்தது.

நிறுப்பதாகவே வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணின் முன் இருந்த வழிகள் மூன்று: இதயத்தை நிறுத்திக் கலைப்பது, இப்போதே பிரசவிப்பது, மாதம் நிறையும்வரை சுமப்பது. முதல் வழியை மறுத்ததற்குக் கருவின் வாழும் உரிமையைக் காரணம் காட்டலாம், தாம்சனே உடன்பட்டிருப்பார். இரண்டாவதை மறுக்க அந்தக் காரணம் செல்லாது. இப்போது பிறந்தாலும் குழந்தை பிழைக்கக்கூடும் என்பதுதானே மருத்துவரின் கூற்று? அங்கே காப்பாற்றப்படுவது குழந்தையின் உயிரைவிட அதன் முழு ஆரோக்கியம். குறையின்றிப் பிறக்கும் உரிமை என்று ஒன்றை, பெயர் சொல்லாமல், நாம் உண்டாக்கியிருக்கிறோம். அதற்காக ஒரு பெண் தன் உடலை இன்னும் சில வாரங்கள் கட்டாயமாகத் தரவேண்டும். அப்படி ஓர் உரிமை இருக்கிறதா, இருந்தால் இன்னொருவர் உடலைக் கட்டாயமாகப் பெறும் அளவுக்கு அது போகுமா? தராசைப் பிடித்திருப்பவர்கள் தட்டில் எதை வைத்தோம் என்றே பார்க்கவில்லை.

இதைவிட நெருடலான ஒன்றும் உண்டு. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பே கிடையாது. அதே 26ஆம் வாரத்தில் அதே இதயத்தை நிறுத்தச் சட்டம் இடந்தருகிறது. ஆக, நம் சட்டம் காப்பது கருவின் வாழும் உரிமையை அன்று. குறையில்லாத கருவின் வாழும் உரிமையை. மாற்றுத்திறனாளி இயக்கத்தவர் இதைக் கேட்டால் என் நண்பர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று அறிய ஆவல்.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். நாகரத்னாவின் பரிவு எனக்கு உடன்பாடு, காரணம் உடன்பாடில்லை. கருவுக்குத் தனி இருப்பு இல்லை என்ற வாதம், தனியே இருக்க முடியும் என்று மருத்துவர் எழுதிய மறுநாளே சொல்லத்தக்கது அன்று. கோலியின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அது முதல் வழியை மட்டுமே மூடுகிறது. கரு வெளியே பிழைக்க முடியாத காலம்வரை விலகலும் இறப்பும் ஒரே செயல்; பெண்ணின் முடிவே முடிவு. பிழைக்கும் காலம் வந்தபின் அவருக்கு உள்ளது விலகும் உரிமை மட்டும். ஆனால் அது முழுதாக உள்ளது. சில வாரம் பொறுக்கும்படி அவரைக் கேட்கலாம், கெஞ்சலாம், செலவை ஏற்கலாம், மனநோய்க்குச் சிகிச்சை தரலாம். பொறுத்தால் அது அவர் செய்யும் கொடை. மறுத்தவரைக் கட்டாயப்படுத்த வாழும் உரிமை போதாது. வேறு நியாயம் வேண்டும். தீர்ப்பில் அந்த நியாயம் இல்லை. இந்த நிலையால் ஒரு குழந்தை வாழ்நாள் முழுதும் குறையோடு இருக்க நேரலாம் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கனத்தோடுதான் சொல்கிறேன்.

முதல் அனுமதிக்கும் கடைசி மறுப்புக்கும் இடையே ஒரு வாரம் போயிற்று. இந்த ஒருவகை வழக்கில் மட்டும், வாய்தா வாங்க வாங்க வழக்கின் பொருளே வளர்ந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றமும் 29 வாரக் கர்ப்பத்தில் ஒரு கைம்பெண்ணுக்குத் தந்த அனுமதியை இதே இதயத்துடிப்புக் கேள்வி எழுந்தபின் திரும்பப் பெற்றது.

3. இரண்டு மறுப்புகள்

பிழைக்கும் நிலை என்பது இன்குபேட்டரைப் பொறுத்தது, தில்லி எய்ம்ஸில் பிழைக்கும் குழந்தை ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் பிழைக்காதே, உங்கள் அறம் ஊருக்கு ஊர் மாறுமா என்பார்கள். மாறும். விலக எது வழி என்பது எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான். இதில் எனக்கு அதிர்ச்சி இல்லை.

பெண் கருவைத் தெரிந்தெடுத்துக் கலைப்பதையும் இந்த வாதம் காக்குமே என்பது இரண்டாவது. உசிலம்பட்டியின் பெண்சிசுக் கொலைகளைத் தெரிந்த, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த மாநிலத்தில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. அங்கே பெண் விலக விரும்புவது கர்ப்பத்திலிருந்து அன்று, ஒரு வகைக் குழந்தையிடமிருந்து. அதுவும் பெரும்பாலும் அவள் விருப்பம் அன்று, வீட்டின் விருப்பம். பாலினம் அறியும் சோதனையை 1994 சட்டம் தடுப்பது சரி. இதற்கு மேல் விரித்துச் சொல்ல வேண்டும், இன்று இயலாது.

4. நம் சட்டம் பற்றிச் சில சொற்கள்

கருக்கலைப்புச் சட்டம் குறித்து ஆராய 1964இல் அமைந்த சாந்திலால் ஷா குழுவின் கவலை, தகுதியற்றவர்களிடம் போய்ச் சாகும் பெண்களைப் பற்றியது. அதிலிருந்து வந்த சட்டம் பெண்ணுக்கு உரிமை தரவில்லை. மருத்துவருக்குக் குற்றவிலக்குத் தந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, இப்போது நியாய சன்ஹிதாவில் 88, பெண்ணையே குற்றவாளியாக்கும் வாசகத்தோடு இன்றும் இருக்கிறது. 2009இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கிலும், 2022 செப்டம்பரில் மணமாகாத பெண்ணின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உரிமை மொழியில் பேசியது. கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை, ஆஸ்பத்திரிகள் கேட்கின்றன. ஒவ்வொன்றும் தனிச் சொற்பொழிவுக்கு உரியது.

5. செய்ய வேண்டியவை

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். வேகமாகச் சொல்கிறேன். ஒன்று, உயர் நீதிமன்றங்களுக்கு மருத்துவ வாரியங்கள் தந்த அறிக்கைகளைத் தொகுத்து, விலகலையும் இறப்பையும் அவை பிரிக்கின்றனவா என்று யாராவது பார்க்க வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் போதுமான வேலை. இரண்டு, போக்சோ சட்டத்தின் தகவல் தெரிவிக்கும் கடமையால் சிறுமிகள் கருக்கலைப்புக்கு எத்தனை வாரம் தாமதமாக வருகிறார்கள் என்பது. சமூகப்பணித் துறையோடு சேர்ந்து செய்யலாம். மூன்று, கருவுக்குத் தனி உரிமையை அரசமைப்பிலேயே எழுதிவைத்து 2018 பொதுவாக்கெடுப்பில் அதை நீக்கிய அயர்லாந்தோடு ஓர் ஒப்பீடு. நான்கு, குறையின்றிப் பிறக்கும் உரிமை என்று நான் சொன்னதை மாற்றுத்திறனாளிகளின் எழுத்தோடு வைத்துச் சோதிப்பது. இதை என் இரு நண்பர்களில் ஒருவர் எடுத்துக்கொண்டால் மகிழ்வேன். தீர்ப்புகளின் பட்டியலைத் துறை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம்.