ரோமில் ஒரு கை தண்ணீர்

ரோம் என்றதும் கொலோசியம் உங்கள் கண்முன் வந்துவிடும். அதை விட்டுவிடுவோம். ட்ரேவி நீரூற்றுப் பக்கம் கூட்டம் நெரியும். அங்கிருந்து சற்றே நடந்தால் நசரேனோ தெரு. என்னோடு அங்கே வாருங்கள்.

சின்னத் தெருதான். ஓரத்துக் கம்பி வழியே எட்டிப் பாருங்கள், தரைமட்டத்துக்குக் கீழே கல் வளைவுகள். கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த ‘கன்னி நீர்’க் கால்வாய். தாகத்தில் தவித்த சிப்பாய்களுக்கு ஒரு சிறுமி ஊற்றுக்கண்ணைக் காட்டினாளாம், அதனால் அந்தப் பெயர். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம், பெரும்பகுதி பூமிக்கடியில். மொத்த வாட்டமோ சில மீட்டர்தான். அந்தக் கைவேலையை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

இங்கே ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். கி.பி. 537இல் கோத்தியர் எனும் ஜெர்மானிய இனத்தவரின் படை நகரை முற்றுகையிட்டு, கால்வாய்களை எல்லாம் வெட்டிவிட்டது. ஜனிகுலம் குன்றில் தண்ணீர் விசையில் சுழன்ற மாவு ஆலைகள் நின்றுபோயின. ஊருக்கு ரொட்டி ஏது? நகரைக் காத்த தளபதி பெலிசாரியஸ் என்ன செய்தார் தெரியுமா? டைபர் ஆற்றில் பாலத்துக்குக் கீழே இரண்டிரண்டு படகுகளாகக் கட்டி, நடுவே சக்கரத்தைப் பொருத்தினார். ஆறே மாவு அரைத்தது! எதிரிகள் மரங்களையும் பிணங்களையும் ஆற்றில் மிதக்கவிட்டுச் சக்கரங்களை உடைத்தார்கள். அவர் ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டித் தடுத்துவிட்டார். அந்தப் படகு ஆலைகள் 19ஆம் நூற்றாண்டு வரை டைபரில் சுற்றிக்கொண்டிருந்தன. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை இது.

இன்றைய தண்ணீரைச் சொல்லி முடிக்கிறேன். கன்னி நீர் இன்றும் ட்ரேவியில் விழுகிறது. குடிநீருக்கு வேறு ஊற்றுகள். குடிநீர் தெருமுனைக் குழாயான ‘நசோனே’யில் வரும். ‘பெரிய மூக்கு’ என்று அர்த்தம், நம்மூரில் மூக்கன் என்பதுபோல. 1874 முதல் நிற்கும் வார்ப்பிரும்புக் குழாய்கள்; இன்று சுமார் 2,500. காசு கிடையாது, திருகும் கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும். ரோமுக்குப் போகிறவர்கள் பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள். குழாய் மூக்கின் நுனியை விரலால் அடைத்துப் பிடியுங்கள். மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் வளைந்து உங்கள் வாய்க்கே வரும்.