முட்டுக்கட்டை



யாப்பு கவிதைக்கு முட்டுக்கட்டை என்று இவ்வவையில் பத்தாண்டுகளாக வழக்காடி வருகிறோம். திருவில்லிபுத்தூர்த் தேரைக் கண்டவர்க்கு அச்சொல் வேறு பொருள் தரும். ஆடிப்பூரத் தேரின் வடம் பிடிப்போர் பல்லாயிரவர். சக்கரத்தின் கீழ்க் கட்டை இடுவோர் சிலரே. ஆயினும் தெருமுனையில் தேர் திரும்புவது அச்சிலர் கையால்தான். இன்று நான் பேச வந்தது மோட்டார்த் தேர்களைப் பற்றி.

1930களில் தென்கலிபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினைத் தம் கையாலேயே திருத்தினர். 'ஹாட் ராட்' என்பது அவற்றுக்குப் பின்னர் வழங்கிய பெயர். வேண்டாததை நீக்குவதே அக்கலையின் முதற்பாடம் (நம் கவிஞர் சிலரும் பயிலத்தக்கது). வறண்ட ஏரிப்படுகைகளில் ஓடியவர்கள் ஊர்த்தெருக்களிலும் ஓடினர், உயிர்கள் போயின. காவலர் தண்டித்தும் ஓட்டம் நிற்கவில்லை. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். 1953இல் பொமோனாவில் அதன் முதற்போட்டி நடந்தது. 'தெருவில் ஓடாதே' என்றதோடு நில்லாமல், ஓடக் களம் தந்து, விதியும் வகுத்தனர்.

அவ்விளைஞர்கள் ஓடிய மியூரோக் ஏரிப்படுகை இராணுவ விமானத்தளமாயிற்று. தமிழகத்திலோ கதை தலைகீழ்: இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரம் பந்தயக்களமாயிற்று. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே போட்டிகளை நடத்தியது. பட்டறைகளில் திருத்தப்பெற்ற ஃபியட்டும் ஹெரால்டும் ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்தது. விதி வந்தால் பட்டறைக் கைவண்ணம் மங்கும் என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோவைக் கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். அதுவே பார்முலா மாருதி. அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அவ்வகைக் காரில் பந்தயம் தொடங்கிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன் போட்டியில் ஓடிய முதல் இந்தியரானார்.

இராசபாளையச் சாலையில் இரவில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். என் மாணவர் ஒருவர் கால் முறிந்து இரண்டு மாதம் வகுப்புக்கு வரவில்லை. திரும்பி வந்தவர் என்னிடம் கேட்டது, இருங்காட்டுக்கோட்டை இங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதே. அபராதச் சீட்டு தவிர நாம் அவர்களுக்கு எதுவும் தந்ததில்லை. நம் இரு ஊர்களுக்கும் இடையே, மருத்துவரும் காவலரும் உடனிருக்க, மாதம் ஒரு நாளேனும் ஓட ஒரு களம் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். வெளியே மேசைமேல் இருக்கிறது. உடன்படுவோர் கையொப்பமிட வேண்டுகிறேன்.